பெர்த்தா பென்ஸ் அம்மையாரின் நெடும் பயணம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி எழுதியது)

மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், கார்ல் பென்ஸ் என்று நாம் அனைவரும் தயங்காமல் எழுதிவிடுவோம். ஒரு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கார் பட்டறை வாசலைத் தாண்டி, ஊர் கடந்து ஊர் போகும் என்பதை உலகுக்கு முதலில் மெய்ப்பித்துக் காட்டியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் பேனா முனையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் ஒரு பெண்மணி. நான்கு குழந்தைகளின் தாய். வழியில் வண்டி நின்றபோதெல்லாம் என்ன பழுது என்று தாமே பார்த்து, கையில் இருந்ததைக் கொண்டு சரிசெய்து, மீண்டும் புறப்பட்டுப் போனவர். அவரே பெர்த்தா பென்ஸ் அம்மையார்.

பெர்த்தா 1849-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் ஜெர்மனியில், அந்நாளில் பாடன் நாடு என்று வழங்கிய பகுதியில் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கார்ல் ஃபிரீட்ரிக் ரிங்கர், வீடுகள் கட்டித் தரும் தச்சர். கைத்தொழிலால் உயர்ந்து வசதி பெற்றவர். பெர்த்தா பிறந்தபோது, மறுபடியும் பெண்ணாகப் போயிற்றே என்று அந்தத் தந்தை குடும்ப வேதாகமத்தின் ஏட்டில் வருத்தத்தோடு குறித்து வைத்ததாகவும், பின்னாளில் சிறுமி அதைத் தன் கண்ணாலேயே படிக்க நேர்ந்ததாகவும் சொல்வார்கள். நம் ஊரிலும் இப்படி வருத்தப்படுகிற வீடுகள் உண்டு. ஏட்டில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ஆயினும் ரிங்கர் மகளைப் படிக்க வைத்தார். பெண்களுக்கான பள்ளியில் பெர்த்தா பயின்றார். இயந்திரங்களைப் பற்றி அறிந்துகொள்ளும் ஆவல் அவருக்கு இளமையிலேயே இருந்தது. பெண்கள் பல்கலைக்கழகப் படியேறுவது அந்நாளில் அங்கே நடவாத காரியம். எனவே அந்த ஆவல் பட்டம் எதுவும் பெறாமல், உள்ளத்திலேயே தங்கிக் காத்திருந்தது.

1869-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சங்கத்தார் சேர்ந்து சென்ற சுற்றுலாவில் கார்ல் பென்ஸ் என்ற இளம் பொறியாளரை அவர் சந்தித்தார். கார்லின் தந்தை ரயில் ஓட்டுநர். மகனுக்கு இரண்டு வயதாகும்போதே காலமாகிவிட்டார். தாயார்தான் பாடுபட்டு மகனைக் கார்ல்ஸ்ரூ நகரில் பொறியியல் படிக்க வைத்தார். கையில் காசு இல்லாத அந்த இளைஞரின் தலையில் ஓர் எண்ணம் மட்டும் நிறைந்திருந்தது. குதிரை இல்லாமல், தண்டவாளமும் இல்லாமல், தானே ஓடும் ஒரு வண்டியைச் செய்ய வேண்டும் என்பதே அது. கேட்டவர்கள் சிரித்தார்கள். பெர்த்தா சிரிக்கவில்லை, அது எப்படி ஓடும் என்று கேட்டு விளங்கிக்கொண்டார்.

1871-இல் கார்ல், ஆகஸ்ட் ரிட்டர் என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு மன்ஹைம் நகரில் ஒரு பட்டறையைத் தொடங்கினார். அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. பங்கைத் திருப்பிக் கொடுத்துக் கூட்டாளியை விலக்கினால்தான் பட்டறை தப்பும். கொடுக்கப் பணம் இல்லை. அப்போது பெர்த்தாவுக்கும் கார்லுக்கும் மணம் நிச்சயமாகியிருந்தது. பெர்த்தா தம் தந்தையிடம் சொல்லி, திருமணத்துக்கு முன்பாகவே தம் சீதனப் பணத்தைப் பெற்று அந்தப் பங்கை அடைத்தார். சீதனம் என்றால் நாம் நகையையும் பாத்திரத்தையும் நினைக்கிறோம். இவருடைய சீதனம் கடைசல் இயந்திரமும் இரும்புக் கருவிகளுமாக ஒரு பட்டறையில் போய் நின்றது! 1872 ஜூலை 20-இல் திருமணம் நடந்தது.

அதன் பின் வந்த ஆண்டுகள் கடினமானவை. பட்டறைக்கு வேலை குறைந்தது, கடன் ஏறியது. 1873-இல் ஆய்கன், 1874-இல் ரிச்சர்ட், 1877-இல் கிளாரா, 1882-இல் தில்டே என்று குழந்தைகள் பிறந்தார்கள். வீட்டுச் செலவுக்கே திண்டாட்டமான நாட்களிலும் பெர்த்தா கணவரின் இயந்திரத்தை மறந்துவிடச் சொல்லவில்லை. 1879-ஆம் ஆண்டின் கடைசி இரவில் நடந்ததைக் கார்ல் தம் முதுமையில் எழுதிய சுயசரிதையில் நினைவுகூர்கிறார். பல நாட்களாக முரண்டு பிடித்த அவருடைய எஞ்சினை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று, இரவு உணவுக்குப் பிறகு பெர்த்தாதான் அவரைப் பட்டறைக்கு அழைத்துப் போனார். அன்று எஞ்சின் நிற்காமல் சீராக ஓடியது. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றார்கள். வெளியே புத்தாண்டு மணிகள் ஒலித்தன.

1883-இல் மாக்ஸ் ரோசே, எஸ்லிங்கர் என்னும் இருவரோடு சேர்ந்து கார்ல் பென்ஸ் கம்பெனியை நிறுவினார். நிலையாக ஓடும் எஞ்சின்களை விற்று வந்த வருமானத்தில் வண்டி உருவாயிற்று. 1886 ஜனவரி 29-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுக் கொடுத்தார். அதன் எண் 37435. பத்திரத்தில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

அந்த வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் தோழியரே; ஏனென்றால் பின்னால் வரப்போகும் தொல்லைகள் எல்லாம் இதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. மூன்று சக்கரங்கள். முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கைப்பிடி. இருக்கைக்குப் பின்னால் ஒரே ஒரு சிலிண்டர் கொண்ட எஞ்சின். அதன் கொள்ளளவு 954 கன சென்டிமீட்டர். இன்று ஒரு சிறிய காரின் எஞ்சினும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அந்நாளைய எஞ்சின் தந்த வலிமை ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். ஓட்டத் தொடங்குமுன் படுக்கையாக வைத்திருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட வேண்டும்.

எஞ்சின் சுழன்றால் போதாது. அந்தச் சுழற்சி சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தட்டையான ஒரு தோல் பட்டை இருந்தது. அது எஞ்சினிலிருந்து ஒரு குறுக்குத் தண்டுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும். தண்டின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு சங்கிலிகள், சைக்கிள் செயின் போல, பின்சக்கரங்களைச் சுற்றிவிடும். மாவு மில்லில் பார்த்திருப்பீர்கள்: ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டைக் கழியால் தள்ளி, வெறுமனே சுற்றும் உருளைக்கு மாற்றினால் அரவை நின்றுவிடும், திரும்பத் தள்ளினால் அரைக்கத் தொடங்கும். கார்லின் வண்டியிலும் அதே வித்தைதான். ஒரு நெம்புகோலை நகர்த்தினால் பட்டை வேலை செய்யும் உருளைக்கு வரும், வண்டி கிளம்பும். நகர்த்தி விலக்கினால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நிற்கும். பட்டை தளர்ந்து வழுக்கினால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வண்டி நகராது. தோலோ ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். அதை நம்பித்தான் முழு வண்டியும்!

இனி, தண்ணீர். எஞ்சினுக்குள் நெருப்பு எரிவதால் சிலிண்டர் காய்ந்து சிவக்காமல் இருக்கச் சுற்றிலும் தண்ணீர் வைத்திருந்தார்கள். இன்று போல ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதிக்கும், ஆவியாகிப் போகும், குறையும். குறைந்ததை ஊற்ற வேண்டும். எரிபொருள் ஒரு சிறு குழாய் வழியாக வரும். தீப்பொறிக்கு மின்கம்பி உண்டு. நிறுத்துவதற்கு மரக்கட்டையிலான பிரேக்கு. இவற்றில் ஏதேனும் ஒன்று கைவிட்டால் போதும், வண்டி அங்கேயே நின்றுவிடும்.

1886 ஜூலை 3-ஆம் நாள் மன்ஹைம் வீதியில் வண்டி பலரும் பார்க்க ஓடியது. பத்திரிகைகள் எழுதின. ஆனால் வாங்க ஆள் வரவில்லை. சத்தமும் புகையும் உள்ள இந்தப் பொருளை நம்பி யார் ஊர்ப் பயணம் போவார்கள்? வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குக் கார்லிடம் பதில் இல்லை. அவரும் பட்டறையைச் சுற்றிச் சில மைல் தொலைவுக்குள்தான் ஓட்டிப் பார்த்திருந்தார். இயற்கையிலேயே கூச்சமும் தயக்கமும் உள்ளவர் அவர். இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும், இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும் என்றே நாட்கள் கழிந்தன. இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. சீதனமும் வாழ்நாளில் பாதியும் அந்த வண்டிக்குள் போயிருந்தன.

1888 ஆகஸ்ட் மாதம், பள்ளி விடுமுறைக் காலம். ஒரு நாள் விடியற்காலையில் கார்ல் உறங்கிக்கொண்டிருந்தபோது பெர்த்தாவும் மூத்த பிள்ளைகள் இருவரும் ஓசைப்படாமல் எழுந்தார்கள். ஆய்கனுக்கு 15 வயது, நம் வயதுதான். ரிச்சர்டுக்கு 14 நிறையவில்லை. ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் தாயைப் பார்க்கப் போவதாக ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, வண்டியில் போவதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் புறப்பட்டார் பெர்த்தா. மூன்றாம் வகை வண்டி அது. முதல் வண்டியைவிடக் கொஞ்சம் வலுவானது. எஞ்சின் சத்தம் வீட்டுக்குக் கேட்காதிருக்கச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டே போய், அப்புறம் சக்கரத்தைச் சுழற்றிக் கிளப்பினார்கள்.

ஃபோர்ட்ஸ்ஹைம் ஏறக்குறைய 106 கிலோமீட்டர். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை. குதிரை வண்டிகளுக்காகப் போட்ட பாதை; வழிகாட்டும் பலகைகள் கிடையாது; பெட்ரோல் பங்க்கு என்ற ஒன்றை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பெர்த்தாவும் பிள்ளைகளும் ரயிலில் டிக்கெட் வாங்கிச் சுகமாகப் போயிருக்கலாம். வண்டி பாதியில் நின்று, மூவரும் தலை குனிந்து ரயிலில் திரும்பி வந்திருந்தால், பென்ஸ் வண்டியைப் பற்றி ஊரார் அதுவரை சிரித்த சிரிப்பு எல்லாம் சரியென்று ஆகியிருக்கும். அன்று பந்தயத்தில் வைக்கப்பட்டது அவ்வளவு பெரியது.

முதலில் தாகம் எடுத்தது வண்டிக்குத்தான். தண்ணீர் மளமளவென்று ஆவியாயிற்று. விடுதிகளிலும் கிணறுகளிலும் ஓடைகளிலும் நிறுத்தி நிறுத்தி ஊற்றினார்கள். பிறகு எரிபொருள். வண்டியில் தனியாகத் தொட்டி இல்லை; கார்பரேட்டரில் கொள்ளும் நாலரை லிட்டர்தான் கையிருப்பு. லிக்ராயின் என்னும் மெல்லிய பெட்ரோலிய நீர்மத்தில் ஓடும் எஞ்சின் அது. துணியிலுள்ள கறையைப் போக்குவதற்காக மருந்துக் கடைகளில் அதைச் சிறு புட்டிகளில் விற்பார்கள். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் பெர்த்தா போய் லிக்ராயின் கேட்டு வாங்கி வண்டிக்கு ஊற்றினார். கறை போக்க எதற்கு இத்தனை என்று கடைக்காரர் திகைத்திருப்பார்! உலகத்தின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்த மருந்துக் கடையை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வழியில் ஓரிடத்தில் எஞ்சின் தானாக அடங்கிவிட்டது. எரிபொருள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பின் ஏன்? பெர்த்தா ஒவ்வொன்றாகப் பார்த்தார். எரிபொருள் வரும் குழாயில் அழுக்கு அடைத்திருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் தொப்பி நழுவாமலிருக்கக் கூந்தலோடு சேர்த்து நீண்ட ஊசி குத்திக்கொள்வார்கள். பெர்த்தா தம் தொப்பி ஊசியை உருவி, குழாயில் விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தார். வண்டி மறுபடி உயிர் பெற்றது. இன்னொரு முறை தீப்பொறிக் கம்பியில் கோளாறு. கம்பியின் மேலுறை தேய்ந்து மின்சாரம் வழியிலேயே கசிந்துவிட்டது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டியைக் கழற்றி அந்த இடத்தில் சுற்றினார்; பொறி சரியாயிற்று. ஊசி, காலுறைப் பட்டி என்று இதைச் சிலர் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு இதில் வியப்பாகப் படுவது வேறு. ஊசி எல்லோரிடமும்தான் இருந்தது. எந்தக் குழாயில் குத்த வேண்டும் என்பது பெர்த்தாவுக்குத் தெரிந்திருந்தது. பதினாறு ஆண்டுகள் அந்தப் பட்டறை வாசலில் நின்று பார்த்துக் கற்றது அது.

சங்கிலிகள் தொடர்ந்து இழுபட்டு நீண்டு, பல் சக்கரத்திலிருந்து நழுவத் தொடங்கின. புருக்சால் என்ற ஊரில் ஒரு கொல்லரைத் தேடிப் பிடித்து அதைச் சரி செய்துகொண்டார்கள். மேடு வந்தால் வண்டி மூச்சுத் திணறியது. எஞ்சினுக்கு வலு போதாது. ஏற்றத்துக்கென்று குறைந்த கியர் எதுவும் இல்லை. இருவர் இறங்கிப் பின்னாலிருந்து தள்ள, ஒருவர் ஓட்டிப் போனார்கள். தள்ளிக்கொண்டே போய் உச்சியில் ஏறியதும் அடுத்த கவலை: இறக்கம். மரக்கட்டைப் பிரேக்கு உரசி உரசித் தேய்ந்துகொண்டே வந்தது. பௌஷ்லாட் என்னும் கிராமத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லிப் பிரேக்குக் கட்டைகளுக்குத் தோல் அடிக்கச் செய்தார் பெர்த்தா. தோல் தேய்ந்தால் தோலை மட்டும் மாற்றலாம், கட்டை பிழைக்கும். இன்று எல்லா வண்டிகளிலும் உள்ள பிரேக் லைனிங்கு இப்படித்தான் ஒரு செருப்புத் தைப்பவரின் கையில் பிறந்தது.

இருட்டும் நேரத்தில் மூவரும் புழுதி படிந்த முகத்தோடு ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள். பெர்த்தா உடனே கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாள் கழித்து வேறு வழியாக அதே வண்டியிலேயே மன்ஹைம் திரும்பினார்கள். வழியெல்லாம் குதிரைகள் மிரண்டன, சனங்கள் கூடினார்கள். வண்டி செய்தியாகி ஊர் ஊராகப் பரவியது.

வீடு திரும்பிய பெர்த்தா வெற்றியைச் சொல்லி மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. எங்கெங்கே வண்டி தளர்ந்தது, எது நீண்டது, எது தேய்ந்தது என்று கணவரிடம் விவரமாகச் சொன்னார். மேடேற இன்னொரு கியர் வேண்டும். பிரேக்குக்குத் தோல் வேண்டும். கார்ல் அவற்றைச் சேர்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மூனிக் நகரில் நடந்த கண்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வண்டி வழியில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இப்போது சொல்லப் பதில் இருந்தது. வீட்டுப் பெண் ஒருத்தியும் இரண்டு பையன்களும் சரிசெய்து ஓட்டிப் போய்விட்டார்கள் என்பதே அந்தப் பதில்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, இன்றைய காரின் பானெட்டைத் திறந்து பார்ப்போம். பெர்த்தாவைப் படுத்திய அந்தப் பட்டையும் குழாயும் தண்ணீரும் இன்றும் அங்கே இருக்கின்றன; உருவம்தான் மாறியிருக்கிறது. தோல் பட்டைக்குப் பதில் ரப்பர் பெல்ட் வந்தது. குறுக்கே வெட்டினால் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல் இருக்கும் பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் என்பவர் உருவாக்கினார். அது உருளையின் பள்ளத்தில் இறுகி உட்கார்ந்துகொள்வதால் எளிதில் வழுக்காது. இப்போது சக்கரங்களைச் சுற்றுவது பெல்ட்டின் வேலை இல்லை. பழைய கார்களில் அது விசிறியையும் தண்ணீர் பம்ப்பையும் டைனமோவையும் சுற்றியது. அதனால் ஃபேன் பெல்ட் என்ற பெயர். புதிய கார்களில் விசிறிக்குத் தனி மோட்டார் வந்துவிட்டது. வரிவரியாகக் கோடுள்ள ஓர் அகலப் பெல்ட், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் குளிர்சாதனத்தையும் பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது.

கொதித்து ஆவியாகும் தண்ணீருக்கும் விடை கிடைத்தது. 1900-ஆம் ஆண்டு வாக்கில் வில்ஹெல்ம் மாய்பாக் என்ற ஜெர்மானியர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். சூடான தண்ணீர் அங்கே போய்க் காற்றில் ஆறி எஞ்சினுக்குத் திரும்பும். எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும். ரேடியேட்டரோ அசையாமல் நிற்கும். இரண்டையும் இரும்புக் குழாயால் இணைத்தால் விரிந்து உடைந்துவிடும். வளையக்கூடிய ரப்பர் ஹோஸ் அதனால்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டும் டிரைவர் அண்ணன் தினமும் காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் பானெட்டைத் திறந்து, கையால் ஒவ்வொரு ஹோஸையும் பிடித்து அமுக்கிப் பார்ப்பார். எதற்கு என்று கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ரப்பர் பஞ்சு போல் குழைந்திருந்தாலும் கெடுதி. மரக்கட்டை போல் விறைத்திருந்தாலும் கெடுதி. ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தால் அது விரைவில் வெடிக்கும். முனைகளில் கிளிப் இறுக்கியிருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு கண்டால் அங்கே தண்ணீர் கசிகிறது என்று பொருள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப் போகும். உடனே துடைக்க வேண்டும். பெல்ட்டின் உள்பக்கத்தில் வெடிப்போ, ஓரத்தில் பிரிந்த நூலோ, பக்கவாட்டில் கண்ணாடி போல் மினுமினுப்போ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வண்டி கிளம்பும்போது கீச்சென்று கத்தும் பெல்ட் வழுக்குகிறது. பழைய வகை பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போலக் கொடுக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தாலும் தவறு, வீணைத் தந்தி போல் விறைத்திருந்தால் அது சுற்றும் பம்ப்பின் பேரிங்கு போய்விடும். புது வண்டிகளில் தானே இறுக்கிக்கொள்ளும் அமைப்பு உண்டு. இவையெல்லாம் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும் என்பதை அவர் மூன்று முறை சொன்னார். புடவைத் தலைப்பும் தாவணியும் பின்னலும் சுழலும் பெல்ட்டின் அருகே போகவே கூடாது.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் பெருங்கேடு. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டு 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பெர்த்தாவின் வண்டியில் தண்ணீர் இப்படி அடைபட்டிருக்கவில்லை. ஆவி தன் போக்கில் வெளியேறியது. அதனால் போகிற வழியெல்லாம் ஊற்ற முடிந்தது. இன்னொரு பெல்ட்டும் உண்டு. எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட். சில எஞ்சின்களில் அதற்குப் பதில் சங்கிலி இருக்கும். மூடிக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே பாழாகிவிடும். ஆகையால் வண்டியோடு தரும் புத்தகத்தில் சொல்லியுள்ள கிலோமீட்டர் ஆனதும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். மின்சாரக் கார் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். அதில் ஃபேன் பெல்ட் இல்லை. ஆனால் பெரும்பாலான மின்சாரக் கார்களில் பாட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்க ஹோஸ்கள் இருக்கத்தான் செய்கின்றன.

பெர்த்தா அம்மையாரிடம் திரும்புவோம். அந்தப் பயணத்துக்குப் பின் 1890-இல் கடைசி மகள் எல்லன் பிறந்தாள். வண்டி விற்பனை மெல்ல ஏறி, பத்தே ஆண்டுகளில் வேகம் பிடித்தது. 1899-இல் மட்டும் பென்ஸ் கம்பெனி 572 கார்களைச் செய்தது. அன்று உலகிலேயே பெரிய கார்த் தொழிற்சாலை அதுதான். ஆனால் கூட்டாளிகளோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டு 1903-இல் கார்ல் நிர்வாகத்தை விட்டு விலகினார். குடும்பம் லாடன்பர்க் என்னும் சிற்றூரில் குடியேறி, பிள்ளைகளோடு சேர்ந்து வேறொரு சிறிய தொழிற்சாலையைத் தொடங்கியது. 1888-இல் வண்டியைத் தள்ளிய ஆய்கனும் ரிச்சர்டும் அதை நடத்தினார்கள். 1926-இல் பென்ஸ் கம்பெனியும் டைம்லர் கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயர் அப்போது வந்தது.

1929 ஏப்ரல் 4-ஆம் நாள் கார்ல் காலமானார். பெர்த்தா அதன் பின்னும் பதினைந்து ஆண்டுகள் அதே லாடன்பர்க் வீட்டில் வாழ்ந்தார். இரண்டு உலகப் போர்களையும் அவர் கண்டார். 1944 மே 3-ஆம் நாள் அவருக்கு 95 வயது நிறைந்தது. கார்ல் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அன்று அவருக்குக் கௌரவ செனட்டர் என்னும் பட்டத்தை அளித்தது. தம் இளமையில் பெண்களை உள்ளே விடாத பல்கலைக்கழகங்களில் ஒன்றிடமிருந்து வந்த அந்தப் பெருமையை அவர் இரண்டு நாட்கள்தான் அனுபவித்தார். மே 5-ஆம் நாள் உயிர் பிரிந்தது.

அமெரிக்காவில் மோட்டார் துறை முன்னோடிகளைப் போற்றும் மண்டபத்தில் கார்லின் பெயர் 1984-இல் இடம்பெற்றது. பெர்த்தாவின் பெயர் 2016-இல்தான் சேர்ந்தது. இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஜெர்மனியில் 2008-ஆம் ஆண்டு, அவர் போன வழியையும் திரும்பிய வழியையும் சேர்த்து 194 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று அரசு ஏற்பளித்து, சாலையோரம் பலகைகள் நட்டார்கள். அந்தப் பாதை வீஸ்லோக் ஊருக்குள்ளும் போகிறது. மருந்துக் கடை இருந்த கட்டடத்தின் முன்னால் பெர்த்தாவுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.